பாரிச வாயுவும் இரத்தச் சோதனையும்: ஒரு மருத்துவ வழக்கத்தின் வரலாறு

உடலின் ஒரு பக்கத்துக் கையும் காலும் திடீரெனச் செயலிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறும் நிலையைத் தமிழ் மக்கள் பாரிச வாயு என்றும் பக்கவாதம் என்றும் நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். மூளையின் இரத்தக் குழாயில் ஏற்படும் அடைப்பு அல்லது வெடிப்பே இதற்குக் காரணம் என்பது நவீன மருத்துவத்தின் விளக்கம். பெரும்பாலான நோயாளிகளிடம் அவ்விளக்கம் சரியாகவே இருக்கிறது. ஆயினும், விழுந்துபோன கை மூளையில் எந்த இடத்தில் பழுது நேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, பழுதுக்கு எது காரணம் என்பதைச் சொல்லாது. இரத்தக் கட்டி அடைத்த இடத்தில் ஒரு கிருமி கட்டியாகத் திரண்டு அமர்ந்தாலும் அதே கைதான் விழும். தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதையே அறியாதவர்களின் மூளையில் உண்டாகும் தொற்றுகள் பக்கவாதம் எனக் கணிக்கப்பட்டு, உரிய மருந்து கிடைக்காமல் நாட்கள் வீணாவதற்கு அடிப்படை இதுவே. இத்தவறு எச்.ஐ.வி.யோடு தோன்றியதன்று. பக்கவாதம் கண்டவரின் இரத்தத்தில் கிருமியைத் தேடும் வழக்கம் ஒரு காலத்தில் உருவாகி, மருந்தின் வெற்றியால் தளர்ந்து, புதிய தொற்று வந்தபோது அச்சத்தாலும் ஒதுக்கலாலும் மீண்டும் வேரூன்ற இயலாமற்போன நீண்ட வரலாறு அதற்கு உண்டு.

இவ்வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் சென்னையிலும் வேலூரிலும், வேறு சில அந்தமான் தீவுகளிலும் எழுதப்பட்டன. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் மின்னி பே பகுதியில் கடற்படையின் தன்வந்திரி மருத்துவமனை இயங்குகிறது. நகரின் மறுபுறத்தில், செல்லுலார் சிறையை அடுத்து, பொதுமக்களுக்கான கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்துள்ளது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் இந்நகருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பலில் கிளம்பினால் கரை சேர ஏறக்குறைய மூன்று நாட்கள் பிடிக்கும். உயர் சிகிச்சைக்கு 'மெயின்லேண்ட்' போக வேண்டிய ஓர் ஊரில், முதல் மருத்துவர் நோய்க்குச் சூட்டும் பெயரே பல நாட்களுக்கு நோயாளியின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதால், பெயர் தவறிப்போன முந்தைய நிகழ்வுகளை இத்தீவுகளின் பின்னணியில் பார்ப்பது பொருத்தமானது.

மூளை இரத்தக்கசிவே திடீர் முடக்கத்துக்குக் காரணமாகலாம் என்பதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இறந்தோரின் உடல்களை அறுத்துப் பார்த்து 1658இல் எழுதினார். அதன் பின்னர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பக்கவாதம் முதுமையோடும் தடித்த இரத்தக் குழாய்களோடும் இணைத்தே பேசப்பட்டது. 1874இல் ஜெர்மனியின் ஓட்டோ ஹாய்ப்னர், சிபிலிஸ் எனும் மேகநோய் மூளையின் தமனிகளுடைய உட்சுவரைத் தடிக்கச் செய்து, குழாயின் வழியைக் குறுக்கி, இளம் வயதினரையும் பக்கவாதத்தில் வீழ்த்துகிறது என்பதை விளக்கினார். பாலுறவால் தொற்றிய முதற் புண் ஆறி, நோயாளி அதை மறந்தும் போன பல ஆண்டுகளுக்குப் பின்னரே இம்முடக்கம் தோன்றும்; ஆகவே நோயாளியின் வாய்மொழியை மட்டும் நம்பினால் காரணம் பிடிபடாது. சிபிலிஸ் கிருமி 1905இல் அடையாளம் காணப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே அதற்கான இரத்தச் சோதனையை ஆகஸ்ட் ஃபான் வாசர்மன் உருவாக்கியபோது, வாய்மொழிக்கு மாற்று கிடைத்தது. இளம் வயதில் கைகால் விழுந்தால் முதலில் இரத்தத்தை வாசர்மன் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவ மாணவர்களின் பாலபாடமாயிற்று. நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றிய ஊகத்தை ஒதுக்கிவைத்து, எல்லோரிடமும் ஒரே சோதனையைச் செய்வதே இப்பாடத்தின் வலிமையாக அமைந்தது.

அத்தகைய சோதனை ஏதும் இல்லாத காலத்தில் மறைந்து பரவும் தொற்று என்ன செய்யும் என்பதற்கு அந்தமான் வரலாறே கடுமையான சான்று. 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் ஆங்கிலேயரின் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது. 1863இல் கிரேட் அந்தமானியப் பழங்குடியினரைப் 'பழக்குவதற்காக' அந்தமான் இல்லம் எனும் அமைப்பு தொடங்கப்பட்டது. அங்கு காவலுக்கும் மேற்பார்வைக்கும் அமர்த்தப்பட்ட தண்டனைக் கைதிகளின் வழியே பழங்குடிகளிடையே மேகநோய் பரவியிருந்ததை 1876இல்தான் அதிகாரிகள் கண்டுகொண்டனர். அதாவது, நோய் ஊன்றிப் பரவிய பின்னரே அது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டில் தட்டம்மையும் தாக்கியது. பழங்குடிகளின் பொறுப்பு அதிகாரியாகப் பணியாற்றிய மாரிஸ் விடல் போர்ட்மேன் 1899இல் வெளியிட்ட வரலாற்று நூலில் இச்சரிவு விரிவாகப் பதிவாகியுள்ளது. குடியிருப்பு நிறுவப்பட்டபோது ஆயிரக்கணக்கில் இருந்ததாக மதிப்பிடப்பட்ட கிரேட் அந்தமானியர் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1931இல் 90 பேராகவும் சுருங்கினர். தொற்றைக் கொண்டுவந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, தொற்றுக்கு ஆளானவர்களின் இயல்பையே குறை கூறிய அன்றைய போக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து வேறொரு தொற்றின்போது வேறு மக்கள்மீது திரும்பியது.

விடுதலைக்குப் பிந்தைய சென்னை, பால்வினை நோய் மருத்துவத்தில் நாட்டின் முன்னணி நகரங்களுள் ஒன்றாக விளங்கிற்று. அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டி வளர்ந்த பால்வினை நோய் நிறுவனமும், அதை உருவாக்கிய ஆர்.வி.ராஜம் போன்ற மருத்துவர்களும் உலக அளவில் அறியப்பட்டனர். ஆனால் அதே பத்தாண்டுகளில் பெனிசிலின் மேகநோயைக் கட்டுக்குள் கொண்டுவரத் தொடங்கியதால், முற்றிய நிலையிலுள்ள மூளைப் பாதிப்புகள் அரிதாயின. நோய் அரிதானபோது, அதைத் தேடும் உந்துதலும் தளர்ந்தது. இளையோர் பக்கவாதத்துக்கான சோதனைப் பட்டியலில் சிபிலிஸ் சோதனை இடம்பெற்றே வந்தாலும், அது பட்டியலை நிறைவு செய்யும் சடங்காகச் சுருங்கியது.

இளையோரின் பக்கவாதம் இந்திய மருத்துவர்களின் கவனத்திலிருந்து நீங்கிவிடவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆபிரகாமும் உடன் பணியாற்றியோரும் தென்னிந்தியாவில் பக்கவாதத்தின் பரவலைப் பற்றி 1970இலும், இளையோரிடம் காணும் பக்கவாதம் பற்றி 1971இலும் பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரைகள் வெளியிட்டனர். மும்பையில் டி.கே.தஸ்தூர் குழுவினர், காசநோய்க் கிருமி மூளை உறைகளைத் தாக்கி இறந்த நூறு பேரின் மூளைகளை ஆராய்ந்து 1970இல் முடிவுகளை எழுதினர். காசநோய் மூளை உறை அழற்சியில் மூளையின் அடிப்பகுதியில் பிசின் போன்ற கசிவு திரண்டு, அவ்வழியே செல்லும் தமனிகளைச் சுற்றி இறுக்கி, அவற்றின் சுவரையும் அழற்சிக்குள்ளாக்குகிறது. முடிவில் குழாய் அடைபட்டு உண்மையான பக்கவாதமே உண்டாகிறது. இங்கு பக்கவாதம் என்ற கணிப்பு பிழையானதன்று. அது பாதிக் கணிப்பு. அடைப்புக்குப் பின்னால் கிருமி இருப்பதைக் காணாமல் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தால், அடுத்த குழாயும் அடைபடுவதைத் தடுக்க இயலாது.

1981 ஜூனில் அமெரிக்காவில் எய்ட்ஸ் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1983இல் அதன் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது; 1985இல் இரத்தச் சோதனை பயன்பாட்டுக்கு வந்தது. நோயெதிர்ப்பை நடத்தும் சிடி4 எனும் வெள்ளணுக்களை எச்.ஐ.வி. படிப்படியாக அழிப்பதால், நலமான உடல் அடக்கி வைத்திருக்கும் கிருமிகள் தலைதூக்குகின்றன என்பதும், அவற்றுள் பல மூளையையே இலக்காகக் கொள்கின்றன என்பதும் 1983 அளவிலேயே நரம்பியல் மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டன. இந்தியாவிலோ, அந்நோய் மேனாட்டுக்கு உரியது என்னும் நம்பிக்கை நிலவிய சூழலில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதைத் தேடிப் பார்க்கும் பணியை ஒப்படைத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நிர்மலா திரட்டிய இரத்தம், முறையான சேமிப்பு வசதி இல்லாமையால், அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலேறி, பனிக்கட்டிப் பெட்டியில் அம்மாதிரிகளை அவர் வேலூருக்குக் கொண்டுசென்றார். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் அவற்றுள் 6 மாதிரிகள் மஞ்சளாக மாறித் தொற்றைக் காட்டின. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அச்செய்தியை அறிவித்தார்.

அறிவியலுக்குப் பெரும் வெற்றியான இக்கண்டுபிடிப்பு, எதிர்பாராத ஒரு சுமையையும் விட்டுச்சென்றது. தொற்று முதலில் எவரிடம் தேடப்பட்டதோ அவர்களுக்கே உரிய நோயாக அது பொதுமனத்தில் பதிந்துவிட்டது. அப்பெண்களுக்கு அத்தொற்று ஆண்களிடமிருந்து வந்தது என்பதும், அவ்வாண்கள் தத்தம் இல்லங்களுக்குத் திரும்பினர் என்பதும் எளிய உண்மைகளாயினும், இல்லத்தரசியோ அலுவலக ஊழியரோ பக்கவாதத்தோடு மருத்துவமனைக்கு வந்தால், 'இவருக்கா?' என்னும் தயக்கத்தில் சோதனை தவிர்க்கப்பட்டது. வாசர்மன் காலத்து வழக்கம் ஒழுக்க ஊகத்தை ஒதுக்கியது, எச்.ஐ.வி. காலம் அவ்வூகத்தையே சோதனைக்கான நுழைவுச்சீட்டாக்கியது.

பெங்களூரின் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், 1989 முதல் 1996 வரை தன்னிடம் வந்த எச்.ஐ.வி. நோயாளிகளின் நரம்பியல் பாதிப்புகளைத் தொகுத்து 2000இல் வெளியிட்டது. கிரிப்டோகாக்கஸ் எனும் பூஞ்சை, காசநோய்க் கிருமி, டாக்சோபிளாஸ்மா எனும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஆகிய மூன்றும் தென்னிந்திய எச்.ஐ.வி. நோயாளிகளின் மூளையைத் தாக்கும் முதன்மைத் தொற்றுகளாக இத்தகைய ஆய்வுகளில் வெளிப்பட்டன. இவை ஒவ்வொன்றும் பக்கவாதத்தின் சாயலைப் பெறும் விதம் வேறு. காசநோயின் விதம் மேலே கண்டது.

டாக்சோபிளாஸ்மா, பூனையின் கழிவு கலந்த மண், நீர் வழியாகவோ சரியாக வேகாத இறைச்சி வழியாகவோ உடலுக்குள் வந்து, எத்தொல்லையும் தராமல் ஆண்டுக்கணக்கில் உறங்கும். சிடி4 எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 100க்கும் கீழே சரியும்போது அது விழித்து, மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்களில் கட்டிகளை உண்டாக்குகிறது. பக்கவாதத்தில் முடக்கம் நிமிடங்களில் உச்சத்தை எட்டும். இத்தொற்றில் அது பெரும்பாலும் சில நாட்களில் படிப்படியாகக் கூடும், தலைவலியும் காய்ச்சலும் வலிப்பும் உடன் வரும். ஆனால் கட்டிக்குள் இரத்தம் கசிந்தாலோ, வலிப்புக்குப் பின் கை தளர்ந்தாலோ, தொடக்கம் திடீரென்றே தோன்றும். சாயமேற்றாமல் எடுத்த சி.டி. ஸ்கேனில் கட்டியைச் சூழ்ந்த வீக்கம் வெறும் கருமையாகத் தெரிவதால், அது இரத்தம் செல்லாமல் செத்த பகுதியாகவே படிக்கப்படக்கூடும். சிரை வழியே சாயம் செலுத்தி மீண்டும் படமெடுத்தால்தான் கட்டியின் விளிம்பு வெண்வளையமாக ஒளிர்கிறது. ஒரே தமனியின் எல்லைக்குள் அடங்காத பல வளையங்கள் தெரிந்தால், காரணம் குழாயடைப்பு அன்று என்பது ஏறக்குறைய உறுதி. உரிய மருந்து தொடங்கப்பட்டால் பெரும்பாலோரிடம் இரு வாரங்களுக்குள் முன்னேற்றம் தென்படும் என்பதால், இக்கணிப்பில் தாமதம் என்பது மீட்கக்கூடிய மூளையை இழப்பதாகும்.

கிரிப்டோகாக்கஸின் வழி வேறு. வாரக்கணக்கில் நீளும் தலைவலியும் மங்கும் பார்வையும் அதன் முதன்மை அடையாளங்கள். எனினும் மூளையின் அடித்தளத்துச் சிறு குழாய்களைச் சுற்றி அழற்சி மூளும்போது சிறுசிறு பக்கவாதங்களும் நேர்கின்றன. அதைக் காண்பதற்கான பழைய முறை மிக எளியது: முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசியிட்டு எடுத்த தண்டுவட நீரின் ஒரு சொட்டோடு இந்தியா மை என வழங்கும் கரிய மையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கரும்பரப்பின் நடுவே பூஞ்சையின் செல்கள் தடித்த உறையினால் ஒளிவட்டம் சூழத் தனித்து நிற்கும். பிற்காலத்தில் வந்த காகிதப் பட்டைச் சோதனை, இரத்தத்திலேயே இப்பூஞ்சையின் சுவட்டைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. இப்பூஞ்சை புறா எச்சத்தில் செழித்து வளர்வதை 1955இல் செஸ்டர் எம்மன்ஸ் கண்டறிந்தார். பாரிச வாயுவுக்குப் புறா இரத்தம் பூசினால் குணமாகும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் நிலவுகிறது. இப்பூஞ்சையால் கை விழுந்தவருக்கு அந்த வைத்தியத்தால் கிடைப்பது கால இழப்பு மட்டுமே.

மற்றொரு தொற்றின் தடம் தமிழர் வழக்கத்தினூடே இன்னும் தெளிவாகச் செல்கிறது. சின்னம்மை வைரஸ் நரம்பு வேர்களில் ஒளிந்திருந்து, எதிர்ப்பாற்றல் குறையும்போது உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புவதே அக்கி. இது முதியோருக்கு இயல்பாக வருவது; இளம் வயதில் வரும் அக்கி, கண்டறியப்படாத எச்.ஐ.வி.யின் அடையாளமாக இருக்கக்கூடும். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் அக்கி கண்டவரிடம், கொப்புளங்கள் ஆறிய சில வாரங்களில், அவ்வைரஸ் நரம்பின் வழியே மூளைத் தமனிக்குச் சென்று அதன் சுவரை வீங்கச் செய்து எதிர்ப்பக்கத்துக் கைகாலை முடக்கும் நிகழ்வு மருத்துவ நூல்களில் நன்கு விவரிக்கப்பட்டுள்ளது. அக்கி கண்டவரைக் குயவரிடம் அழைத்துச் சென்று, காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளங்கள்மீது உருவம் வரையச் செய்யும் 'அக்கி எழுதுதல்' தமிழகத்தின் பழைய வழக்கம். அக்கி தானாகவே ஆறும் இயல்புடையது என்பதால் எழுதியதற்குப் பலன் கிடைத்ததாகக் குடும்பம் அமைதியடைகிறது. பின்னர் பக்கவாதம் வரும்போது, ஆறிப்போன அக்கியைப் பற்றி மருத்துவர் கேட்பதுமில்லை, குடும்பம் சொல்வதுமில்லை.

வெளித்தோற்றத்தை வைத்துச் சூட்டிய பெயர், சோதனையால் மாறிய அண்மைக்கால நிகழ்வு ஒன்றையும் அந்தமான் தருகிறது. 1980களின் இறுதியிலிருந்து வடக்கு அந்தமானின் திக்லிபூர் வட்டாரத்தில் மழைக்குப் பின் காய்ச்சலும் நுரையீரல் இரத்தக்கசிவுமாக மக்கள் இறந்தனர். காரணம் தெரியாத நிலையில் அது அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என அழைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983இல் போர்ட் பிளேரில் நிறுவிய வட்டார ஆய்வு மையம், 1993ஆம் ஆண்டுப் பரவலின்போது நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அது எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் லெப்டோஸ்பைரா நோயே என நிறுவியது. சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிகளால் தீர்க்கக்கூடிய ஒரு நோய், தொடர்ந்து சில ஆண்டுகள் பெயரறியாக் கொள்ளைநோயாக உலவியது. அதன்பின் தீவுகளில் மழைக்காலக் காய்ச்சலுக்கு லெப்டோ சோதனை கேட்பது இயல்பாயிற்று. அச்சோதனைக்கு எவரும் கூச்சப்பட வேண்டியிராததால் வழக்கம் விரைந்து ஊன்றியது, எச்.ஐ.வி. சோதனைக்கு வாய்க்காதது அந்தச் சாதாரணத் தன்மையே.

1995க்குப் பின் பக்கவாத மருத்துவம் வேகத்தின் மருத்துவமாக மாறியது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் மூன்று மணி நேரத்துக்குள், பின்னர் நான்கரை மணி நேரத்துக்குள், செலுத்தினால் முடக்கம் குறையும் என ஆய்வுகள் நிறுவியதால், மருத்துவமனைகள் நிமிடக் கணக்கில் முடிவெடுக்கப் பழகின. பல உயிர்களைக் காத்த இவ்வேகம், நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான இடத்தைக் குறைத்தது. பல நாள் காய்ச்சல் இருந்ததா, எடை குறைந்ததா, வாயில் வெண்பூஞ்சை படர்ந்துள்ளதா, கழுத்தில் விறைப்பு உள்ளதா என்பவை ஊசிக்கு முன்னரோ, குறைந்தபட்சம் ஊசி வேண்டாமென முடிவானதும் உடனடியாகவோ கேட்கப்பட வேண்டியவை. ஏனெனில், தொற்றால் நலிந்த குழாய்களும் கட்டிகளும் உள்ள மூளையில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இரத்தக்கசிவுக்கு வழிகோலக்கூடும்.

சோதனையைச் சூழ்ந்த தயக்கத்துக்குத் தொடக்கத்தில் நியாயமும் இருந்தது. 1986இல் தொற்று உறுதியானவருக்குக் கொடுக்க மருந்து இருக்கவில்லை. வேலையும் வாடகை வீடும் உறவும் பறிபோவது மட்டுமே உறுதியாயிருந்தது. ஆகவே, ஆலோசனையும் ஒப்புதலும் இன்றிச் சோதிக்கலாகாது என வலியுறுத்தப்பட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையும் ஆலோசனையும் வழங்கும் பிரிவுக்கு 'நம்பிக்கை மையம்' என்றே பெயர் வைக்கப்பட்டது. நோயாளியின் ஒப்புதலையும் இரகசியத்தையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமைகளாக்கியது. அச்சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதியைச் சோதனையைக் கேட்கவே கூடாது என்ற விதியாகப் புரிந்துகொள்வதுதான் பிழை. நினைவிழந்தோ பேச்சிழந்தோ கிடக்கும் நோயாளியிடம் ஒப்புதல் பெறுவது எளிதன்று. ஆயினும், எல்லாப் பக்கவாத நோயாளிகளுக்கும் சர்க்கரை, கொழுப்பு, சிபிலிஸ் சோதனைகளோடு இதுவும் பரிந்துரைக்கப்படுகிறது எனக் குடும்பத்திடம் விளக்கும் மருத்துவர், ஒருவரை மட்டும் தனித்துக் குறிவைப்பதில்லை என்பதால், ஒப்புதலுக்கும் இரகசியத்துக்கும் அவ்வழக்கமே துணையாகிறது.

மருந்தின் நிலையும் இடையில் அடியோடு மாறிவிட்டது. 1928இல் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியம், 1990களில் பிற மருத்துவமனைகள் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளை ஏற்ற இடமாக வளர்ந்து, 2004 ஏப்ரலில் நடுவண் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. 2017 முதல், சிடி4 எண்ணிக்கை எதுவாயினும் தொற்று உறுதியான அனைவருக்கும் அம்மருந்து வழங்கப்படுகிறது. மூளைத் தொற்றை முதலில் அடக்கி, சில வாரங்கள் கழித்துக் கூட்டு மருந்தைத் தொடங்கும் நோயாளி பல்லாண்டு வாழும் வாய்ப்பு இப்போது உள்ளது. ஒரு சொட்டு இரத்தத்தில் அரை மணி நேரத்துக்குள் முடிவு காட்டும் எச்.ஐ.வி. சோதனைக்குச் சென்னைக்குக் கப்பலேற வேண்டியதில்லை; அது தீவிலேயே நடக்கக்கூடியது. நரம்பியல் வல்லுநர் தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அதன் பயன் பெருநகரங்களுக்கு இருப்பதைவிட அதிகம். ஏனெனில், எவரை உடனே கடல் தாண்டி அனுப்ப வேண்டும், எவருக்கு இங்கேயே மருந்தைத் தொடங்கலாம் என்பதை அது தெளிவாக்குகிறது.

மேகநோய்க் காலத்தில் மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம், நோயாளி யார் என்பதைப் பாராமல் நோய் எது என்பதைத் தேடுவது. பெனிசிலின் வந்தபின் அப்பாடம் தேவையற்றதுபோலத் தோன்றியது. எய்ட்ஸ் வந்தபின் அது ஆபத்தானதுபோலத் தோன்றியது. மருந்தில்லாத ஒரு முடிவை நோயாளியின் தலையில் சுமத்த விரும்பாத மருத்துவரின் மௌனத்துக்கு 1986இல் காரணம் இருந்தது. 2004க்குப் பின் அக்காரணம் காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிறகும் நீடிக்கும் மௌனம் நோயாளியைக் காப்பதில்லை. அவரை நோய்க்கும் ஒதுக்கலுக்கும் ஒருசேரக் கையளிக்கிறது.